பாடத் தெரிந்தால் மட்டும் போதுமா?



பள்ளி முடிந்து, பேருந்து மாணவர்களும் போய்விட்ட ஒரு பிற்பகல் வேளை. ஆசிரியர் அறையில் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் ஓர் இளைஞர் வந்து நின்றார். சற்று நேரம் கழித்துத்தான் அடையாளம் தெரிந்தது. ஐந்தாம் ஆண்டிலும் ஆறாம் ஆண்டிலும் என்னிடம் படித்த மாணவர் அவர். மாவட்ட அளவிலான பாடற்போட்டியில் எங்கள் பள்ளிக்குப் பரிசு வாங்கித் தந்தவர். பெயரைச் சொல்வது முறையாகாது. தம்பி என்றே குறிப்பிடுகிறேன்.

தம்பி தமது பத்தொன்பதாம் அகவையில் ஒரு பாட்டு எழுதினார், தாமே மெட்டமைத்தார், தாமே பாடினார். எங்கள் வட்டாரத்துத் திருமண வீடுகளில் அந்தப் பாட்டு இன்றைக்கும் ஒலிக்கிறது. அண்மையில் அதைக் கித்தார் இசைத்துப் பாடி இணையத்தில் ஏற்றியிருக்கிறார். இரண்டே நாளில் அது நீக்கப்பட்டுவிட்டது. பதிப்புரிமை மீறல் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. பாட்டை வெளியிட்ட நிறுவனம் புகார் செய்திருக்கிறது.

"ஐயா, நான் எழுதின பாட்டை நான் பாடக்கூடாதாம்," என்றார்.

அவர் அன்று கையெழுத்திட்ட ஒப்பந்தம் இரண்டே பக்கம்தான். ஆங்கிலத்தில் இருந்தது. சொல், மெட்டு, ஒலிப்பதிவு ஆகிய மூன்றின் உரிமையையும் முழுமையாக எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்காக அவர் கையில் வாங்கியது ஆயிரம் வெள்ளி.

இதில் என் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. கையெழுத்திடுவதற்கு முன் தம்பி அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். நான் தலைப்பை மட்டும் பார்த்தேன். நம் பள்ளி மாணவனின் பாட்டு வெளிவரப் போகிறது என்ற பெருமிதத்தில் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்து அனுப்பினேன். அவ்வாண்டுப் பரிசளிப்பு விழாவில் அவருக்குப் பொன்னாடையும் போர்த்தினோம். ஆறாம் ஆண்டில் அவருக்குக் கருத்துணர்தல் பாடம் நடத்தியவன் நான். பத்தியைக் கொடுத்து, இதன் கருத்து என்ன என்று கேட்டுக் கேட்டுப் பயிற்சி அளித்தவன். அவர் வாழ்க்கையில் மெய்யாகவே கருத்துணர வேண்டிய இரண்டு பக்கம் வந்தபோது, நானே அதைப் படிக்கவில்லை.

பாட்டுப் பாடும் பிள்ளைக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் மறுமொழிகள் இரண்டு. பெற்றோர், "பாட்டு சோறு போடுமா?" என்று கேட்கிறோம். ஆசிரியர், "நன்றாகப் பாடு, போட்டிக்குப் பெயர் கொடு," என்று ஊக்கமூட்டுகிறோம். முன்னது பிள்ளையின் ஆர்வத்தைக் கிள்ளிவிடுகிறது. பின்னது ஆர்வத்தை வளர்த்துவிட்டுப் பாதி வழியில் கைவிடுகிறது. பாடக் கற்றுக்கொடுக்கும் நாம், பாட்டு யாருக்குச் சொந்தம் என்பதையும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதே இப்பதிவில் நான் சொல்ல விரும்புவது. இதனை விளக்க, கடல் கடந்த ஒரு கலைஞரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். அவர் பெயர் எடி கிராண்ட்.

பிளேசன்ஸ் என்னும் சிற்றூர்

எடி கிராண்ட் 1948 மார்ச் 5ஆம் நாள், அந்நாளில் பிரிட்டிஷ் கயானா எனப்பட்ட தென்னமெரிக்க நாட்டில், பிளேசன்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். கயானா நமக்கு முற்றிலும் அயலான மண்ணன்று. நம் முன்னோர் மலாயாவின் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தது போலவே, 1838 முதல் இந்தியர்கள் சஞ்சிக்கூலிகளாகக் கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சென்னையிலிருந்து சென்ற தமிழரும் அவர்களுள் உண்டு. அவர்களுக்கு முன்பே அங்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல் எடி கிராண்ட்.

அவர் பிறந்த ஊருக்கு ஒரு சிறப்பு உண்டு. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்கள், 1840களில் தங்கள் காசைச் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கூட்டாக விலைக்கு வாங்கிய நிலங்களுள் பிளேசன்சும் ஒன்று. எவருடைய நிலத்தில் அடிமையாக உழைத்தார்களோ அதே வகை நிலத்துக்கு அவர்களே உரிமையாளர் ஆனார்கள். இதைப் படித்தபோது எனக்குத் துன் வீ.தி. சம்பந்தன் அவர்களின் நினைவு வந்தது. தோட்டத் துண்டாடலால் நம் மக்கள் தெருவில் நிற்கும் நிலை வந்தபோது, 1960இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பால்மரம் வெட்டிய தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். உழைப்பு மட்டும் போதாது, உடைமையும் வேண்டும் என்ற அறிவு இரு மண்ணிலும் பட்டறிவால் விளைந்தது.

பள்ளிக்கூடத்தில் கற்ற இசை

கிராண்டின் தந்தை எக்காளம் இசைப்பவர். பெற்றோர் முதலில் இங்கிலாந்துக்குச் சென்று உழைத்து, மகனின் படிப்புக்குப் பணம் அனுப்பினர். 1960இல் கிராண்டும் இலண்டன் போய்ச் சேர்ந்தார். அங்கு ஓர் இடைநிலைப்பள்ளியில்தான் இசையைக் குறியீடுகளாக எழுதவும் படிக்கவும் கற்றார். ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். செவிவழி மட்டும் கற்றிருந்தால் அவர் நல்ல பாடகராகவோ கித்தார்க் கலைஞராகவோ வந்திருக்கக்கூடும். எழுதவும் கற்றதால் தம் மெட்டைத் தாமே ஏட்டில் பதிக்கும் ஆற்றல் பெற்றார்.

1965இல் நண்பர்களுடன் சேர்ந்து 'தி ஈக்வல்ஸ்' என்ற இசைக்குழுவைத் தொடங்கினார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் சமமாக நின்ற குழு என்பதால், சமமானவர்கள் என்னும் பொருள் தரும் அந்தப் பெயர் அதற்குப் பொருந்தியது. அக்குழுவுக்காகக் கிராண்ட் எழுதிய 'பேபி கம் பேக்' என்ற பாட்டு, முதலில் ஓர் இசைத்தட்டின் பின்பக்கத்தில்தான் வெளிவந்தது. பின்னர் 1968 சூலையில் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அப்போது அவருக்கு வயது இருபது.

அவர் அதோடு நின்றுவிடவில்லை. 1960களின் இறுதியிலேயே 'தி பிரமிட்ஸ்' என்ற குழுவுக்குப் பாட்டு எழுதி, ஒலிப்பதிவுக்கும் பொறுப்பேற்றார். இசைத்துறையில் இப்பொறுப்பை ஏற்பவரைத் தயாரிப்பாளர் என்பர். நம்மில் பலர் நினைப்பது போல அவர் பணம் போடுபவர் மட்டுமல்லர். எந்தக் கருவி எங்கே ஒலிக்க வேண்டும், எந்தக் குரல் முன்னே வர வேண்டும், எந்தப் பதிவை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று முடிவு செய்பவர் அவரே. 1970இல் 'டார்பிடோ' என்ற பெயரில் ஒரு சிறு வெளியீட்டு முத்திரையையும் கிராண்ட் தொடங்கினார்.

பிறகு வந்தது இடி. 1971 சனவரி 1ஆம் நாள் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது, நுரையீரலும் பாதிக்கப்பட்டது. அகவை இருபத்திரண்டுதான். ஓயாத பயணமும் மேடையும் உடலைத் தின்றிருந்தன. ஈக்வல்ஸ் குழுவிலிருந்து விலகினார். பாடகராக வாழ்பவருக்கு உடல் ஒத்துழைக்காவிடில் அன்றோடு வருமானம் நின்றுவிடும். கிராண்ட் படுக்கையிலிருந்து எழுந்து செய்த வேலை, நம் பிள்ளைகள் அனைவரும் அறிய வேண்டிய ஒன்று.

கொட்டகையில் பிறந்த கூடம்

1972இல், இலண்டன் ஸ்டாம்ஃபோர்ட் ஹில் பகுதியில் இருந்த தம் வீட்டு வளாகத்திலேயே 'கோச் ஹவுஸ்' என்ற ஒலிப்பதிவுக்கூடத்தை அமைத்தார். கோச் ஹவுஸ் என்றால் வேறொன்றுமில்லை, குதிரை வண்டி நிறுத்தும் கொட்டகை. 1974இல் 'ஐஸ் ரெக்கார்ட்ஸ்' என்ற வெளியீட்டு நிறுவனத்தையும் நிறுவினார். பாட்டு எழுதுபவர், பாடுபவர், கருவிகளை இசைப்பவர், பதிவு செய்பவர், வெளியிடுபவர் ஆகிய ஐந்து வேலைகளும் ஒருவரிடம் வந்து சேர்ந்தன.

இதனால் உடனே பொன் கொட்டியது என்று எண்ணிவிட வேண்டா. 1975இல் வெளிவந்த அவருடைய முதல் தனித் தொகுப்பு பெரிதாகப் பேசப்படவில்லை. 1977இல் வந்த 'மெசேஜ் மேன்' என்ற தொகுப்புக்கு மூன்றாண்டு உழைப்பு தேவைப்பட்டது. அதில் பாடியவரும் கருவிகளை இசைத்தவரும் அவரே. அதுவும் பெருவெற்றி பெறவில்லை. 1979இல் வந்த 'லிவிங் ஆன் தி ஃபிரன்ட்லைன்' என்ற பாட்டுதான் பிரிட்டன் பட்டியலில் 11ஆம் இடம் வரை ஏறியது. சொந்தக் கூடம் தொடங்கி ஏழாண்டு கழித்து வந்த அறுவடை அது! பிறர் கூடத்தில் மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுப்பவரால் ஏழாண்டு காத்திருக்க இயலாது. பிறர் நிறுவனத்தில் இருப்பவரை இரண்டு தோல்விக்குப் பின் வெளியே அனுப்பிவிடுவார்கள். சொந்தக் கூடம் அவருக்கு முதலில் தந்தது, தவறு செய்து செய்து கற்றுக்கொள்வதற்கான காலம்.

தோட்டத்துக்கு உரிமையாளர்

1982இல் கிராண்ட் கரீபியக் கடலில் உள்ள பார்படோஸ் தீவுக்குக் குடிபெயர்ந்தார். புதுப் பாட்டுகளின் பதிவுகள் அடங்கிய பெட்டி பயணத்தில் தொலைந்துபோனது. மீண்டும் உட்கார்ந்து புதிதாக எழுதினார். அப்படிப் பிறந்தவற்றுள் ஒன்றுதான் 'எலக்ட்ரிக் அவென்யூ'. தென் இலண்டனில் பிரிக்ஸ்டன் சந்தையில் அமைந்த ஒரு தெருவின் பெயர் அது. மின்விளக்கு ஒளிபெற்ற முதல் தெருக்களுள் ஒன்று என்பதால் அப்பெயர் பெற்றது. 1981இல் பிரிக்ஸ்டனில் வெடித்த கலவரமும், அங்கு வாழ்ந்த கறுப்பின மக்களின் வேலையின்மையும் வறுமையும் அப்பாட்டுக்குப் பொருளாயின. துள்ளலான இசைக்குள் ஏழை வீட்டுக் குமுறலை வைத்தார்.

1982 நவம்பரில் அவருடைய 'ஐ டோன்ட் வானா டான்ஸ்' பிரிட்டனில் முதலிடம் பெற்றது. 1983இல் 'எலக்ட்ரிக் அவென்யூ' பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இரண்டாமிடம் பெற்றது. அமெரிக்காவில் அது ஐந்து வாரம் இரண்டாமிடத்திலேயே நின்றது. முதலிடத்தை அதற்கு விடாமல் வைத்திருந்த பாட்டுகளுள் ஒன்று, ஸ்டிங் என்பவர் எழுதி, 'தி போலீஸ்' குழுவில் பாடியது. இரண்டாண்டு கழித்து, 1985இல், அதே ஸ்டிங் தம் முதல் தனித் தொகுப்பைப் பதிவு செய்யப் பார்படோசுக்கு வந்தார். பதிவு நடந்த இடம் கிராண்டுக்குச் சொந்தமான 'புளூ வேவ்' ஒலிப்பதிவுக்கூடம். பட்டியலில் தம்மை முந்தியவரே தம் கூடத்துக்கு வந்து பாடும் நிலை, பாடகராக மட்டும் இருந்தவருக்கு வாய்க்குமா?

அந்தக் கூடம் அமைந்த இடத்தையும் சொல்ல வேண்டும். அது பெய்லி தோட்டம் என்னும் பழைய கரும்புத் தோட்டம். 1816இல் பார்படோஸ் அடிமைகள் புஸ்ஸா என்பவரின் தலைமையில் கிளர்ந்தெழுந்தது அந்தத் தோட்டத்தில்தான். அடிமைகள் எழுச்சி செய்து மாண்ட மண்ணை, அடிமை மரபில் வந்த ஒரு கலைஞர் பாட்டால் ஈட்டிய பொருளைக் கொண்டு வாங்கி, அங்கே இசை வளர்த்தார். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த எனக்கு, இந்த ஒரு செய்தியைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறெதுவும் படிக்கத் தோன்றவில்லை. மூன்று தலைமுறை குடியிருந்த வீட்டைத் தோட்டம் கைமாறியதும் காலி செய்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. வீட்டில் இருந்தவை எங்கள் வியர்வையும் எங்கள் நினைவுகளும். உறுதிப்பத்திரத்தில் இருந்ததோ வேறொருவர் பெயர். தம்பியின் பாட்டும் அப்படித்தான்.

நிலமும் வீடும்

ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் அடங்கியுள்ளன. சொல்லும் மெட்டும் சேர்ந்த ஆக்கம் ஒன்று. அந்த ஆக்கத்தை ஒருவர் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு மற்றொன்று. ஆக்கத்தை நிலம் என்றும், ஒலிப்பதிவை அதன்மேல் கட்டிய வீடு என்றும் வைத்துக்கொள்ளலாம். ஒரே நிலத்தில் பல வீடுகள் எழும்பலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் நிலத்துக்குரியவருக்கு வாடகை சேரும்.

'பேபி கம் பேக்' பாட்டை ஈக்வல்ஸ் குழுவில் முன்னணிக் குரலாகப் பாடியவர் கிராண்ட் அல்லர். டெர்வ் கோர்டன் என்பவர். அதே பாட்டை 1994இல் பாட்டோ பேன்டன் என்ற பாடகர் புதிதாகப் பாடி வெளியிட, அது மீண்டும் பிரிட்டனில் முதலிடம் பெற்றது. இத்தகைய மறுபதிவு விற்கும்போது ஆக்கத்துக்குரிய தொகை எழுதியவர் பக்கம் சேரும். பழைய பதிவில் பாடியவர் எவ்வளவு அருமையாகப் பாடியிருந்தாலும் புதிய பதிவில் அவருக்குப் பங்கில்லை. பாடகருக்கும் படைப்பாளருக்கும் உள்ள வேறுபாடு இதுவே. நம் பள்ளிகளில் பாடற்போட்டி ஆண்டுதோறும் நடக்கிறது. பாட்டு எழுதும் போட்டி எத்தனை பள்ளிகளில் நடக்கிறது?

உரிமை கையில் இருந்தால் பொருள் மட்டும் வருவதில்லை. வேண்டா என்று மறுக்கும் ஆற்றலும் வரும். 2020 ஆகத்தில், அப்போதைய அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் தேர்தல் நேரத்தில் தம் டுவிட்டர் பக்கத்தில் பகிர்ந்த காணொளி ஒன்றில் 'எலக்ட்ரிக் அவென்யூ' ஏறக்குறைய 40 விநாடி ஒலித்தது. கிராண்டிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. அடுத்த மாதமே அவர் நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2024 செப்டம்பரில், பதிப்புரிமை மீறப்பட்டது என்றும், அதற்கு டிரம்பும் அவருடைய தேர்தல் அமைப்பும் பொறுப்பு என்றும் நீதிபதி தீர்ப்பளித்தார். ஒரு சிற்றூரில் பிறந்தவர் ஒரு வல்லரசின் அதிபரைப் பார்த்து, "என் பாட்டை என்னைக் கேட்காமல் எடுக்காதே," என்று சொல்ல முடிந்தது. நம் தம்பிக்கோ தம் பாட்டைத் தாமே பாடும் வழி இல்லை. இருவருக்கும் இடையே உள்ள வேறுபாட்டைத் திறமையால் விளக்க முடியாது. ஒரு தாளில் எவர் பெயர் இருக்கிறது என்பதே வேறுபாடு.

தமக்கு மட்டும் சேர்த்துக்கொண்டவர் என்றும் கிராண்டைச் சொல்ல முடியாது. லார்ட் கிச்சனர், மைட்டி ஸ்பேரோ, ரோரிங் லயன் முதலிய கலிப்சோ மூத்தோரின் பாட்டுகளை வெளியிட்டுக் காக்கும் பணியையும் அவருடைய நிறுவனம் மேற்கொண்டது. 1988இல், தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியைச் சாடி 'கிம்மி ஹோப் ஜோஅன்னா' என்ற பாட்டை வெளியிட்டார். அந்நாட்டு அரசு அதைத் தடை செய்தது. பிரிட்டனில் அது ஏழாம் இடம் பெற்றது. ஆட்சியாளர் வெகுள்வரோ என்று அஞ்சிப் பாட்டை நிறுத்திவைக்க அவருக்கு மேல் ஒரு முதலாளி இல்லை.

ஐயங்கள் சில

"இதெல்லாம் இங்கிலாந்துக் கதை, நம் நாட்டில் நடக்குமா?" என்று சிலர் கேட்கலாம். சிங்கப்பூரில் பிறந்து மலேசிய மலாய் இசையில் பெரும்பெயர் பெற்ற எம். நாசிர் அவர்களை எண்ணிப் பாருங்கள். அவர் பாடகர், இசையமைப்பாளர், தயாரிப்பாளர். 'லுஞ்சாய் எமாஸ்' என்ற சொந்த நிறுவனத்தையும் அமைத்துக்கொண்டவர். வழி இங்கேயும் இருக்கிறது.

"எல்லாரும் சொந்தக் கூடம் கட்ட முடியுமா?" என்பது இன்னும் நியாயமான கேள்வி. முடியாதுதான். கிராண்ட் கூடம் கட்டியதற்கு முன் புகழ்பெற்ற பாட்டு ஒன்று அவரிடம் இருந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. வெளியீட்டு நிறுவனங்கள் எல்லாம் ஏமாற்றுவன என்றும் நான் சொல்லவில்லை. அறிமுகமில்லாத இளைஞரின் பாட்டுக்குப் பணம் போடுவோர் இடர்ப்பாட்டையும் ஏற்கிறார்கள்; அதற்குரிய பங்கை அவர்கள் கேட்பது முறையே. பங்கு கொடுப்பது வேறு, படிக்காமல் முழுவதையும் கொடுப்பது வேறு. இன்னொன்றும் உண்டு. 1972இல் ஒரு கூடத்துக்குத் தேவைப்பட்ட கருவிகள் பெருஞ்செல்வம். இன்று ஒரு மடிக்கணினி, ஓர் ஒலிவாங்கி, கம்பளம் தொங்கவிட்ட ஓர் அறை ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். கூடம் எளிதாகிவிட்டது. ஒப்பந்தத்தைப் படிக்கும் அறிவுதான் அன்று போலவே இன்றும் அரிதாக இருக்கிறது.

பெற்றோர் அறிய வேண்டியவை

நம் நாட்டுச் சட்டத்தில் நான் படித்தறிந்தவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன். ஐயம் இருப்பின் வழக்கறிஞரை நாடுங்கள்.

1. மலேசியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1987இல் இயற்றப்பட்டது. பாட்டை எழுதி ஏட்டிலோ ஒலிப்பதிவிலோ பதித்த அப்போதே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்தால்தான் உரிமை என்பது தவறான எண்ணம். படைப்பாளரின் வாழ்நாள் முழுவதும், மறைவுக்குப் பின் 50 ஆண்டும் அது நீடிக்கும். பேரப்பிள்ளைகளுக்கும் சேரக்கூடிய சொத்து அது.

2. ஆயினும் சான்று இருப்பது நல்லது. மைஇப்போ எனப்படும் மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில், 2012 முதல், விரும்புவோர் தங்கள் படைப்பைப் பற்றி முறைப்படி அறிவித்து வைக்கலாம்.

3. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்துவழி மட்டுமே செல்லும். ஆகவே தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதே எல்லாம். "முழுவதும் ஒப்படைக்கிறேன்" என்பதும், "இத்தனை ஆண்டுக்குப் பயன்படுத்த இசைவளிக்கிறேன்" என்பதும் ஒன்றல்ல. முன்னது விற்பனை, பின்னது வாடகை.

4. ஒருவர் கேட்டுக்கொண்டு, கூலி பேசி, அவருக்காக எழுதிக் கொடுத்த ஆக்கத்தின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிடில், கேட்டவருக்கே போய்ச் சேரும். "விளம்பரத்துக்கு ஒரு பாட்டுப் போட்டுக் கொடு," என்று கேட்கும்போதே இதைப் பேசிவிட வேண்டும்.

5. நம் நாட்டில் பதினெட்டு வயதில் ஒருவர் சட்டப்படி பெரியவர் ஆகிறார். அந்தப் பிறந்தநாளுக்குப் பிறகு அவர் இடும் கையெழுத்து அவரைக் கட்டும். தம்பிக்கு அப்போது பத்தொன்பது.

6. பாட்டு பொது இடங்களில் ஒலிக்கும்போது கிடைக்க வேண்டிய தொகையைத் திரட்டிக் கொடுக்க, எம்.ஏ.சி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இசைப் படைப்பாளர் அமைப்பு 1989இல் தொடங்கப்பட்டது. எழுதும் பிள்ளைகள் அதில் உறுப்பியம் பெறுவதைப் பற்றி அறிந்திருக்க வேண்டும்.

ஆசிரியராகிய நாம்

பிறரைக் குறை சொல்லுமுன் நம் முதுகையும் பார்த்துக்கொள்வோம். இன்னோர் ஆசிரியர் இரவெல்லாம் விழித்துத் தயாரித்த பயிற்சித்தாள் புலனக் குழுவில் வந்து சேர்கிறது. அடியில் உள்ள அவர் பெயரை வெள்ளைத்தாள் வைத்து மறைத்துப் படியெடுக்கிறோம். நானும் செய்திருக்கிறேன். மாணவர் வரைந்த ஓவியத்தைப் பள்ளி மலரின் அட்டையில் போடுகிறோம். அவர் பெயரைப் போட மறந்துவிடுகிறோம். படைத்தவர் பெயரை மறைக்கும் பழக்கத்தைப் பிள்ளைகள் முதலில் பார்ப்பது எங்கோ ஓர் அலுவலகத்தில் அன்று, நம் வகுப்பறையில்.

தம்பி வந்து போன பிறகு என் வகுப்பில் ஒரு சிறு பழக்கத்தைத் தொடங்கினேன். திங்களுக்கு ஒரு முறை பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து நான்கு வரியில் ஒரு பாட்டு எழுதுவார்கள், மெட்டமைப்பார்கள். ஒரு குழு பாடும்போது மற்றொரு குழு கைப்பேசியில் பதிவு செய்யும். தாளின் அடியில் எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், பதிவு செய்தவர் என்று பெயர்களையும் நாளையும் எழுத வேண்டும். அடுத்த குழு அப்பாட்டைப் பாட விரும்பினால் முதல் குழுவிடம் கேட்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. முன்பு வகுப்பில் வாய் திறவாத ஒரு மாணவி நன்றாக மெட்டமைக்கிறாள். குரல் வளம் இல்லை என்பதால் பாடற்போட்டியில் ஒருநாளும் தேர்ந்தெடுக்கப்படாத பிள்ளை அவள். நான்கு வேலைகள் இருப்பதைக் காட்டியபோதுதான் அவளுக்கு ஓர் இடம் கிடைத்தது.

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கருத்துணர்தல் பயிற்சியாக ஓர் எளிய ஒப்பந்தத்தையும் எழுதிக் கொடுத்தேன். "இதில் நீ கொடுப்பது என்ன? பெறுவது என்ன? எவ்வளவு காலத்துக்கு?" என்று மூன்று வினா. தேர்வுக்கு இது வராது என்று எனக்குத் தெரியும். வாழ்க்கைக்கு வரும்.

தம்பியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பழைய பாட்டு திரும்பக் கிடைக்குமா என்று ஒரு வழக்கறிஞரிடம் இருவரும் சென்று கேட்டோம். கிடைப்பது அரிது என்று அவர் மறைக்காமல் சொல்லிவிட்டார். தம்பி இப்போது புதிய பாட்டு ஒன்றை எழுதியிருக்கிறார். வெளியிட ஒருவர் முன்வந்திருக்கிறார். சென்ற வாரம் தாளோடு வந்தார். இம்முறை ஆறு பக்கம். ஆசிரியர் அறையில் அகராதியை நடுவில் வைத்துக்கொண்டு, வரி வரியாகப் படித்தோம். புரியாத ஐந்து இடங்களைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டோம். அவற்றுக்கு விளக்கம் கிடைக்கும் வரை கையெழுத்து இல்லை என்று சொல்லி அனுப்பினேன். பொன்னாடையை இந்த முறை பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பாடினால் தடுக்காதீர்கள். ஆசிரியர்களே, கைதட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். பிள்ளை நாளை ஒரு தாளோடு நம்மிடம் வரும்போது, அதை உட்கார்ந்து முழுவதும் படிப்போம்.

அன்புடன்,
உங்களில் ஒருவனாகிய ஒரு தமிழாசிரியன்